டிப்ரெஷன் மாத்திரை: போடுவதும் நிறுத்துவதும்

மருந்துக் கவுன்டருக்குப் பின்னால் பல வருடம் நின்றவன் நான், டாக்டர் இல்லை. மாத்திரையை எப்படிப் போடுவது, எதோடு சேர்க்கக் கூடாது, எப்படி நிறுத்துவது என்பது வரை கேளுங்கள். உங்களுக்கு எந்த மருந்து பொருந்தும் என்பது என் வேலை இல்லை.

செர்ட்ராலின் ஆரம்பித்து ஆறு நாள். மனசு அப்படியேதான் இருக்கிறது, குமட்டல்தான் புதிதாக வந்திருக்கிறது. மருந்து சரியில்லையா?

இந்த மருந்துகளில் தொல்லை முதலில் வரும், பலன் பின்னால் வரும். குமட்டல், தலைவலி, தூக்கக் கோளாறு பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அடங்கும். சாப்பிட்ட பிறகு போட்டுப் பாருங்கள். மனசு லேசாக இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகும். ஆனால் ஓரிடத்தில் உட்கார முடியாத தவிப்போ, சாக வேண்டும் என்ற நினைப்போ வந்தால் காத்திருக்காதீர்கள்; அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். இளம் வயதினரிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் 2004-ல் சிறுவர்களுக்காகப் போட்ட எச்சரிக்கையை 2007-ல் 24 வயது வரை நீட்டினார்கள்.

நேற்று மறந்துவிட்டேன். இன்று இரண்டாகப் போடலாமா?

கூடாது.

அப்பாவுக்கு 74 வயது. எஸ்சிட்டலோபிராம் தொடங்கிப் பத்து நாள். நேற்றிலிருந்து தள்ளாடுகிறார். காலையில் சட்டைப் பொத்தானைப் போடுவதும் கழற்றுவதுமாக அரை மணி நேரம் நின்றார். வயசுதானே?

வயசு என்று விட்டுவிடாதீர்கள். பத்து நாளுக்கு முன்னாலும் அவருக்கு 74 தான். ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். முதியவர்களுக்கு, அதிலும் சிறுநீர் பிரியும் மாத்திரையும் சாப்பிடுபவர்களுக்கு, ஆரம்ப வாரங்களில் இது நடப்பதுண்டு. முற்றினால் வலிப்பு வரை போகும். இன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். புதிதாகச் சேர்ந்தது எது என்று அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லுங்கள்.

சளி, உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடலாமா?

டெக்ஸ்ட்ரோமெத்தார்பன் உள்ள இருமல் மருந்தோ, டிரமடால் என்ற வலி மருந்தோ இந்த மாத்திரையோடு சேர்ந்தால், மூளை ரசாயனமான சிரோட்டோனின் அளவு மீறலாம்: நடுக்கம், வியர்வை, காய்ச்சல், குழப்பம். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் வயிற்றில் ரத்தக் கசிவைக் கூட்டும். "மூலிகைதானே" என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பக்கம் போகாதீர்கள்.

எட்டு மாதமாக நன்றாக இருக்கிறேன். போன வாரம் பாராக்ஸெட்டினை நிறுத்தினேன். தலையைத் திருப்பினால் உள்ளே கரண்ட் அடித்தாற்போல 'ஜிர்' என்கிறது. நோய் திரும்பிவிட்டதா?

நோய் மெதுவாகத் திரும்பும். ஜிர் என்று திரும்பாது. இது சட்டென்று விட்டதன் விளைவு. டாக்டரிடம் சொல்லுங்கள், பெரும்பாலும் மறுபடி தொடங்கி, படிப்படியாகக் குறைப்பார்கள்.

பாராக்ஸெட்டின் உடம்பை விட்டுச் சீக்கிரம் போய்விடும், அதனால் அடி பலம். ஃபுளுவாக்ஸெட்டின் வாரக்கணக்கில் தங்கும், தானாகவே மெல்ல இறங்கும். இன்னொன்று: 20 மில்லிகிராமிலிருந்து 10-க்கு வருவது பலருக்குப் பெரிதாகத் தெரியாது. கடைசி 5-லிருந்து பூஜ்யம்தான் ஆளைத் தள்ளும், ஏனென்றால் சிறு அளவே மூளையில் பெரும்பங்கு வேலையைச் செய்கிறது. மாடிப்படியில் கடைசிப் படி மட்டும் ஆள் உயரம் என்று வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போடுவது குறைப்பது ஆகாது. அது தினமும் ஏறி ஏறி விழுவது.

(இடையில் ஒருவர்) விட்டால் உடம்பு இப்படி ஆடுகிறதென்றால் போதைதானே அது? சிரோட்டோனின் குறைவு என்பதே கட்டுக்கதை என்று 2022-ல் வந்துவிட்டதே!

இரண்டையும் குழப்புகிறீர்கள். போதையில் ஏக்கம் இருக்கும், அளவு ஏறிக்கொண்டே போகும். இங்கே அது இல்லை. 2022 ஆய்வு சொன்னது, சிரோட்டோனின் குறைவால்தான் மனச்சோர்வு வருகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று. மாத்திரை வேலை செய்கிறதா என்பதை அது பார்க்கவே இல்லை. அதைப் பார்த்தது 2018-ல் வந்த தொகுப்பு: 522 சோதனைகள், 21 மருந்துகள், எல்லாமே ஒப்பிடுவதற்காகக் கொடுத்த மருந்தில்லாத மாத்திரையை விட மேல். எவ்வளவு மேல்? சராசரியில் கொஞ்சம்தான், ஒப்புக்கொள்கிறேன். 1950-களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியஸிட் நோயாளிகளை உற்சாகமாக்கியதைப் பார்த்துத்தான் இந்த வழியே திறந்தது. மருந்து முதலில், விளக்கம் பிறகு.

(அவரே) அப்போ இத்தனை வருடம் சொன்னது பொய்தானே?

விளம்பரங்கள் எளிமையாக்கியது தப்புதான். நிறுத்தும்போது வரும் தொல்லை லேசானது என்று சொல்லிவந்ததும் தப்பு. பிரிட்டனின் மனநல மருத்துவர்கள் அமைப்பே 2019-ல் நிலையை மாற்றிக்கொண்டது. இதோடு விடுவோம், வரிசையில் ஆள் நிற்கிறார்கள்.

நானும் ஒரு வருடமாக நன்றாக இருக்கிறேன். நிறுத்தலாமா?

சட்டென்று விடுவது பற்றி மேலே பாராக்ஸெட்டின் கேள்விக்குச் சொன்னதை முதலில் படியுங்கள். நீண்டகாலம் சாப்பிட்டு நலமாக இருந்தவர்களை வைத்து 2021-ல் வந்த ஒரு சோதனையில், குறைத்து நிறுத்தியவர்களில் 56 சதவீதம் பேருக்கு ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியது, தொடர்ந்தவர்களில் 39. இதில் நீங்கள் எந்தப் பக்கம் என்பதை உங்கள் டாக்டரோடு பேசுங்கள்.

கர்ப்பம் உறுதியாகிவிட்டது. இன்றே நிறுத்திவிடவா?

நீங்களாக நிறுத்தாதீர்கள். இன்றே டாக்டரைப் பாருங்கள்.

குறைப்பதற்கு மாத்திரையை உடைக்கலாமா?

நடுவில் கோடு இருந்தால் பொதுவாக உடைக்கலாம். மெல்லக் கரையும் வகையை உடைக்கவே கூடாது. அட்டையைக் கடையில் காட்டிக் கேளுங்கள். திரவ வடிவம் கிடைக்குமா என்றும் கேளுங்கள்.