யோசேப்பு அதை எப்போது சொன்னார்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

நான் இரண்டு அண்ணன்மாருக்குப் பின் பிறந்தவள். அப்பா இறந்த பின், வங்கிக் கடனுக்காக என்று அண்ணன்மார் சொன்னதை நம்பி நான் கையெழுத்திட்டது, என் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது நிலம் கைமாறிய பிறகுதான் தெரியவந்தது. அப்போது என் கணவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் இருந்தார். படித்திருந்த செவிலியர் படிப்பை நம்பி வெளியூர் வந்து, இன்று யாரிடமும் கையேந்தாமல் வாழ்கிறோம். இப்போது சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ் செய்துகொள்ளும் மூத்த அண்ணன், என்னைப் பார்க்க வேண்டும் என்று ஆள்விட்டுக் கேட்கிறார். ‘யோசேப்பைப் போல மன்னித்துவிடு, எல்லாம் தேவனுடைய திட்டம்’ என்கிறார்கள் சபையார். அண்ணனின் பெயர் செல்போனில் தெரிந்தாலே எனக்குக் கை நடுங்குகிறது, இரவில் தூக்கமில்லை. நடந்தது தேவ திட்டம் என்றால், என் கோபம் தேவனுக்கு விரோதமானதா? எனக்கு விசுவாசம் இல்லையா?

இப்படிக்கு,
ஒரு சகோதரி

அன்புச் சகோதரிக்கு,

சபையார் உங்களுக்கு நினைவூட்டும் வசனம் மெய்யானது. ஆனால் அது யார் வாயிலிருந்து, எப்போது வந்தது என்பதையும் சேர்த்து வாசிக்காவிட்டால், காயப்பட்டவர்மேலேயே அது பாரமாக விழுந்துவிடும். 17 வயதில் அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு அடிமையாக விற்கப்பட்ட யோசேப்பு, எகிப்தின் அதிகாரியாக உயர்ந்து, ‘தேவன் என்னை உங்களுக்கு முன்னே அனுப்பினார்’ என்று அண்ணன்மாரிடம் சொன்னபோது, செழிப்பின் ஏழு ஆண்டுகளும் பஞ்சத்தின் இரண்டு ஆண்டுகளும் கழிந்து, அவருக்கு ஏறத்தாழ 39 வயது ஆகியிருந்தது. இடைப்பட்ட அந்த 22 ஆண்டுகளில், ‘இது தேவனுடைய திட்டம், பொறுத்துக்கொள்’ என்று எவரும் அவரிடம் சொன்னதாக ஆதியாகமத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஆண்டுகளில் எகிப்தில் சிறைப்பட்டிருந்தபோது, மன்னன் பார்வோனின் பானபாத்திரக்காரனிடம் அவர் பேசியதை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பாருங்கள். தம்மை எபிரெயர் தேசத்திலிருந்து களவாய்க் கொண்டுவந்தார்கள் என்றும், காவல் கிடங்கில் அடைக்கப்படத் தாம் ஒரு குற்றமும் செய்யவில்லை என்றும் சொல்லி, தம்மை வெளியே கொண்டுவரப் பார்வோனிடம் பேசும்படி கேட்கிறார். கர்த்தர் யோசேப்போடே இருந்தார் என்று சொல்லும் அதே வேதம், நடந்த அநியாயத்தை அநியாயம் என்று அவர் சொன்னதை எங்கும் அவிசுவாசமாக எண்ணவில்லை. கடைசியில், தகப்பன் இறந்த பிறகும், ‘நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள்’ என்று வெளிப்படையாகவே சொல்கிறார். தேவன் அதை நன்மையாக முடியப்பண்ணினார் என்பது அதற்குப் பின்னரே வருகிறது. தேவன் நன்மையாக முடித்ததால் அண்ணன்மார் நினைத்த தீமை தீமையல்ல என்று ஆகிவிடவில்லை. ஆகவே, ஏமாற்றி வாங்கப்பட்ட கையெழுத்தின் மேல் உங்களுக்குள்ள கோபம் தேவன்மேல் கொண்ட கோபமாகாது. நீங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணியதுதான், உங்கள் வேதனையோடு குற்ற உணர்வையும் கூட்டியிருக்கிறது என்று நினைக்கிறேன்.

கை நடுங்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தலைமகனுக்கு மனாசே என்று பெயரிட்டு, தம் வருத்தத்தையெல்லாம் தேவன் மறக்கப்பண்ணினார் என்று சொன்னவர்தான் யோசேப்பு. ஆனாலும் தானியம் வாங்க வந்த அண்ணன்மாரைக் கண்டதும் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகிறது. கடுமையாகப் பேசுகிறார், பின்பு அவர்களைவிட்டு அப்புறம் போய் அழுகிறார். தம்பி பென்யமீனைக் கண்டபோது அறைக்குள்ளே போய் அழுது, முகத்தைக் கழுவி, தம்மை அடக்கிக்கொண்டு வெளியே வருகிறார். மனம் ஆறிவிட்டது என்று நம்பியிருந்தவருக்கே இப்படியானால், உங்களுக்கு நேர்வதை விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்ல முடியும்?

அவர் உடனே தம்மை வெளிப்படுத்தவும் இல்லை. அன்று யோசேப்பு கெஞ்சியபோது தாங்கள் செவிகொடுக்காமல் போனதை அண்ணன்மார்களே தங்களுக்குள் பேசிக்கொள்வதை அவர் கேட்டார். அவர் அப்படிக் கெஞ்சினார் என்பதே நமக்கு அப்போதுதான் தெரிகிறது. பென்யமீனுக்குப் பதிலாகத் தான் அடிமையாக இருப்பதாக அண்ணன் யூதா முன்வந்த பிறகே யோசேப்பு தம்மை அடக்க முடியாமல் சத்தமிட்டு அழுது, ‘நான் யோசேப்பு’ என்றார். ஆகவே, அண்ணனைப் பார்க்கச் சம்மதித்தால், அந்தப் பத்திரத்தைப் பற்றி அவர் தம் வாயால் என்ன சொல்கிறார் என்று கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. அவர் நோயுற்றிருப்பதால் அந்த உரிமை இல்லாமல் போகாது. சட்டப்படி ஏதேனும் செய்ய முடியுமா என்று ஒரு வழக்கறிஞரைக் கேட்பதும் பழிவாங்கல் ஆகாது.

சந்திப்பையும், அண்ணன் கேட்டால் பண உதவியையும் ஒரே நாளில் முடிவு செய்யாதீர்கள். முதலில் கணவரையும் உடன் வைத்துக்கொண்டு, சிறிது நேரம் மட்டும் தொலைபேசியில் பேசிப் பாருங்கள். உடல் மறுத்தால் நிறுத்திவிட்டு, இன்னொரு நாள் பேசலாம் என்று சொல்லுங்கள். தூக்கமின்மை தொடர்ந்தால், மனநல மருத்துவர் ஒருவரைத் தாமதிக்காமல் பாருங்கள். நோயாளிகளைக் கவனிக்கும் பணியில் இருப்பவர் நீங்கள்; உங்களையும் அப்படியே கவனித்துக்கொள்ளுங்கள். சபையில் யாராவது மீண்டும் யோசேப்பைப் பற்றிப் பேசினால், அந்த வார்த்தையை நானே சொல்லும் நாள் வரட்டும், அதுவரை எனக்காக ஜெபியுங்கள் என்று அன்போடு கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஆலோசகர்