இலை, பட்டை, விதை: குழந்தைகளின் கைவேலைக்குச் சில பதில்கள்

கேள்வி: மகளுக்கு ஐந்து வயது. எந்த மரம் வரைந்தாலும் பழுப்பில் ஒரு கம்பு, மேலே பச்சை உருண்டை. எப்படி மாற்றுவது?

பதில்: கொஞ்ச நாள் வரைய வேண்டாம், தேய்க்கட்டும். மெல்லிய தாளை வேப்ப மரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கிரேயானைப் படுக்கவைத்து அவள் தேய்த்தால் பட்டையின் வெடிப்புகள் நெடுக்காகத் தாளில் ஏறும். தென்னையில் தேய்த்தால் மட்டை விழுந்த தழும்பு வளையம் வளையமாக வரும். கொய்யாவில் பெரிதாக ஒன்றும் வராது, அவ்வளவு வழுவழுப்பு. மூன்று தாளையும் தரையில் பரப்பி, எது எந்த மரம் என்று அவளிடமே கேளுங்கள். நீங்கள் வரைந்து மட்டும் காட்டிவிடாதீர்கள்.

கேள்வி: நரம்பு மட்டும் மிஞ்ச வேண்டும் என்று அரச இலையை ஐந்து நாள் ஊறவைத்தேன். கிழிந்துவிட்டது.

பதில்: ஐந்து நாள் போதாது. முற்றிய இலையாக எடுத்து இரண்டு, மூன்று வாரம் விடுங்கள். நாற்றம் வரும், அவ்வப்போது தண்ணீர் மாற்றுங்கள். விரல் பட்டதும் தோல் வழுக்கிக்கொண்டு வந்தால் பதம் சரி. தட்டில் விரித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மெல்லத் தட்டுங்கள், இழுக்கக் கூடாது. வால் போன்ற நுனியைக் கடைசியாகத் தொடுங்கள். அப்புறம் புத்தகத்துக்குள் வைத்துக் காயவிடலாம்.

கேள்வி: கடை வண்ணம் இல்லாமல் வரைய முடியுமா?

பதில்: தாராளமாக. சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம். எலுமிச்சைச் சாறு சில சொட்டு விட்டால் ஊதா, இன்னும் விட்டால் இளஞ்சிவப்பு. மஞ்சள் கரைத்துப் பூசிய தாளில் சோப்புத் தண்ணீர் தொட்டு எழுதினால் எழுத்து சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளில் சுண்ணாம்பு சேர்க்கிறோமே, அதே கதைதான். ஆனால் குழந்தை கையில் சுண்ணாம்பு வேண்டாம், சோப்பே போதும். இந்த நிறங்கள் வெயிலில் வெளுத்துவிடும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஏமாந்துபோவார்கள்.

கேள்வி: விதை ஒட்டிப் படம் செய்ய குன்றிமணி கொடுக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. எவ்வளவு அழகாக இருந்தாலும் அது கொடிய நஞ்சு, மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அரளிக் காயும் வேண்டாம். புளியங்கொட்டை, பூசணி விதை கொடுங்கள். வாயிலும் மூக்கிலும் போட்டுக்கொள்ளும் வயது என்றால் அதுவும் வேண்டாம், இலை போதும்.

கேள்வி: அடுக்குமாடியில் இருக்கிறோம், சுற்றிலும் மரமே இல்லை.

பதில்: கறிவேப்பிலை வாங்குவீர்கள்தானே? ஓர் இணுக்கைத் தாளுக்கு அடியில் வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்லுங்கள். இலையின் அடிப்புறம் மேலே பார்த்திருக்கட்டும், நரம்பு அங்கேதான் புடைத்திருக்கும்.