பக்தர் கூட்டத்தில் அரசியல் பேச்சு: கேள்வி பதில்

திருமங்கலம் வாசகர்: ஐயா, நாத்திக இயக்கத்திலிருந்து வந்த அண்ணாவுக்குப் பக்தர்கள் எப்படிக் காது கொடுத்தார்கள்?

1953-இல் பெரியார் பிள்ளையார் சிலை உடைப்புப் போராட்டம் நடத்தினார். அண்ணா அந்த வழியில் போகவில்லை; ‘ஒன்றே குலம், ஒருவனே தேவன்’ என்றார். அது திருமூலர் வாக்கு, சைவர் மறுக்க முடியாது. தேவனுக்குப் பெயர் இல்லாததால் இஸ்லாமியரும் கிறித்தவரும் ஏற்கலாம். கட்சிக்காரருக்கு முதல் பாதியே போதும், சாதி ஒழிப்பு அதில் இருக்கிறது. அவரவர் விருப்பப்படி பொருள் கொள்ள இடம் விட்டதுதான் சாமர்த்தியம். விளக்கப் புகுந்திருந்தால் யாராவது ஒருவர் எழுந்து போயிருப்பார்.

மேலூர் வாசகர்: தலைவர் தேவாரமோ பைபிளோ மேற்கோள் காட்டினால் எதைக் கவனிக்க வேண்டும்?

பாட்டை விடுங்கள், அதற்கு அடுத்த வாக்கியத்தைக் கேளுங்கள். ‘நாம்’ அங்கே யார்? பாட்டுக்கு முன் ஊர் முழுவதும் ‘நாம்’. பாட்டு முடிந்ததும் ஒரு மதத்தார் மட்டும் ‘நாம்’, மற்றவர் ‘அவர்கள்’. கைதட்டல் சத்தத்தில் இந்த மாற்றம் தெரியாது. எதிர்மாறான உதாரணம் லிங்கன். 1865-இல், உள்நாட்டுப் போரில் வெற்றி நெருங்கிய நேரத்தில், இரு தரப்பும் ஒரே பைபிளைப் படித்து ஒரே கடவுளை வேண்டுகிறோம் என்றார். கடவுள் நம் கட்சி என்று சொல்லவில்லை.

உசிலம்பட்டி வாசகர்: பேசாமலே நம்ப வைக்க முடியுமா?

முடியும். 1939 ஜூலை 8 அன்று மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டோரை அழைத்துக்கொண்டு மீனாட்சி கோயிலுக்குள் போனார். ஒடுக்கப்பட்டோருக்கு அனுமதி இல்லாததால் அதுவரை காந்தி அங்கே கால் வைக்கவில்லை; 1946-இல்தான் தரிசனம். பக்தியுள்ளவர் ஒருவர் வாசலோடு நின்றுவிட்டால் பக்தர்களுக்கு உறுத்தும். நாத்திகர் நின்றிருந்தால் யார் கண்டுகொள்வார்?

செல்லூர் வாசகர்: வெளியூர்த் தலைவர்கள் எங்கே சொதப்புகிறார்கள், அண்ணே?

உள்ளூர் வழக்கில். மதுரைத் திருக்கல்யாணத்தில் மீனாட்சியைத் தாரை வார்ப்பவர் திருப்பரங்குன்றம் பவளக்கனிவாய்ப் பெருமாள். கதைப்படி அழகர் தாமதமாக வந்து, ஆற்றோடு திரும்புகிறவர். ‘அழகர் தாரை வார்த்த மண்ணே’ என்று தொடங்கினால் முன்வரிசையே சிரித்துவிடும். பிறகு எத்தனை திருநீறு பூசினாலும் பேச்சு தேறாது.

அவனியாபுரம் வாசகர்: கோயிலுக்குள் ஓட்டு கேட்கலாமா?

தேர்தல் நடத்தை விதிப்படி எந்த வழிபாட்டுத் தலமும் பிரச்சார மேடை ஆகக்கூடாது. மதத்தின் பேரில் வேட்பாளர் ஓட்டு கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு. வேட்பாளரின் மதம் மட்டுமல்ல, வாக்காளரின் மதத்தைச் சொல்லிக் கேட்டாலும் பொருந்தும் என்று 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 4-3 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. ஜெயித்தவர் மீது வழக்குப் போட 45 நாள்தான் அவகாசம், அதுவும் உயர் நீதிமன்றத்தில். முழுப் பேச்சின் பதிவை வைத்துக்கொள்ளுங்கள்; துண்டு வீடியோவை எதிர்த்தரப்பு வக்கீல் எளிதாக உடைத்துவிடுவார்.