ஒரே ஒரு பேட்ஜ்தானா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. சாரணர் இயக்கத்தில் சின்னப் பிள்ளைகளுக்கான பிரிவான குருளையர் படையில் சேர்ந்து நான்கு மாதம் ஆகிறது, இன்னும் ஒரே ஒரு பேட்ஜ்தான். அவனோடு சேர்ந்த பையனின் சட்டைக் கையில் ஐந்து இருக்கிறது. என் பையன் மந்தமா, இல்லை தலைவர் பாரபட்சம் பார்க்கிறாரா?

பதில்: இரண்டும் இருக்காது. முதலில் அந்த ஐந்தும் என்ன பேட்ஜ் என்று பாருங்கள். பேட்ஜில் பொதுவாக இரண்டு வகை உண்டு. ஒன்று படிப்படியாக ஏறுவது: உறுதிமொழி எடுத்துச் சேர்வதில் தொடங்கி, அப்புறம் ஒவ்வொரு படிக்கும் முடிச்சு, முதலுதவி, திசை அறிவது, அடுத்தவருக்கு உதவுவது என்று கலந்து இருக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். இன்னொன்று ஆர்வத்துக்கு வாங்குவது. ஓவியம், தோட்டம், சேகரிப்பு என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், சீக்கிரம் முடிந்துவிடும். அந்தப் பையன் இரண்டாவது வகையில் ஐந்து வாங்கியிருந்தால், அதை உங்கள் மகனின் ஒன்றோடு எண்ணிக்கையில் ஒப்பிடவே முடியாது.

சரி, நேரம் ஏன் ஆகிறது? கயிற்றின் இரண்டு முனைகளைச் சேர்த்துக் கட்டும் ரீஃப் முடிச்சையே எடுத்துக்கொள்வோம். இடது முனையை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் வலதை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அவ்வளவுதான். இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டால் பார்க்க ஏறக்குறைய அதே மாதிரி இருக்கும், ஆனால் இழுத்தால் நழுவும். நல்ல தலைவர் ஒருமுறை பார்த்ததும் கையெழுத்துப் போட மாட்டார். இரண்டு வாரம் கழித்து, விளையாட்டுக்கு நடுவே சும்மா கேட்பது மாதிரி மறுபடி போடச் சொல்வார், இது எதற்குப் பயன்படும் என்றும் கேட்பார். தட்டையாகப் படியும், உறுத்தாது, அதனால் காயத்துக்குக் கட்டுப் போட ஏற்றது என்று பிள்ளை தானாகச் சொன்னால் அந்தப் பாடம் முடிந்தது.

இன்னொன்று, குருளையரின் உறுதிமொழியே ‘என்னால் இயன்றவரை முயல்வேன்’ என்பதுதான். இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவலும் பேட்ஜுக்குத் திறமையைவிட முயற்சியைத்தான் அளவாக வைத்தார். அதனால் ஒரு பிள்ளை கச்சிதமாகச் செய்ததற்கும் இன்னொன்று தட்டுத்தடுமாறிச் செய்ததற்கும் ஒரே பேட்ஜ் கிடைக்கும், அதில் அநியாயம் எதுவும் இல்லை.

கேள்வி: இலை சேகரிப்பு பேட்ஜுக்கு மகளுக்குப் பாதி நோட்டு நான்தான் ஒட்டிக் கொடுத்தேன். தப்பா?

பதில்: தப்புதான், ஆனால் இந்தத் தப்பைச் செய்யாத பெற்றோரை நான் பார்த்ததில்லை. ‘இந்த இலையை எங்கே எடுத்தாய்?’ என்று கேட்டால் பிள்ளை முழித்துக்கொண்டு அம்மாவைத் திரும்பிப் பார்க்கும், அந்த நொடியே தலைவருக்குப் புரிந்துவிடும். கூடவே நடங்கள், பசையை எடுத்துக் கொடுங்கள், மறந்தால் ஞாபகப்படுத்துங்கள், ஒட்டுவது அவள் வேலை. கோணலாக ஒட்டினால் கோணலாகவே இருக்கட்டும். கிடைத்த பேட்ஜைச் சட்டையில் தைக்கும்போதும் ஒரு ஓரத்தையாவது அவளிடம் விடுங்கள்.

கேள்வி: தலைவரை ஏன் ‘அகேலா’ என்கிறார்கள்?

பதில்: 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் நடந்த முதல் சாரணர் முகாம் கொஞ்சம் வளர்ந்த பையன்களுக்கானது. வீட்டில் இருந்த தம்பிகள் நாங்களும் வருவோம் என்று அடம்பிடிக்க, 1916இல் அவர்களுக்கென்று ஓநாய்க் குருளையர் பிரிவு வந்தது. கிப்ளிங்கின் ‘ஜங்கிள் புக்’ கதையைத்தான் அதற்கு அடித்தளமாக வைத்தார்கள், அதில் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் பெயர் அகேலா. அந்தக் காலக் குருளையருக்குத் தொப்பியில் குத்திக்கொள்ள இரண்டு நட்சத்திரம் உண்டு. புதுக் குட்டிக்கு இரண்டு கண்ணும் மூடியிருப்பதாகக் கணக்கு, முதல் நட்சத்திரம் வாங்கினால் ஒரு கண் திறக்கும், இரண்டாவதுக்கு மறு கண். ஒற்றைக் கண்ணோடே ரொம்ப நாள் சுற்றிய குட்டிகளும் நிறைய இருந்திருக்கும்.