ஐம்பது ரூபாய் அபராதம்

வணக்கம் அண்ணா,

நான் திருநெல்வேலியில் கல்லூரி மாணவன். இங்கிலாந்தின் விலங்கு நலச் சங்கமான ஆர்.எஸ்.பி.சி.ஏ. தொடங்கி 200 ஆண்டு கடந்துவிட்டது என்று படித்தேன். அங்கே விலங்குகள் மேல் பிரியம் ரத்தத்திலேயே இருக்கிறது, நம்மிடம் அது இல்லை என்று தோன்றுகிறது. நண்பர்களோடு இங்கே ஓர் அமைப்பு தொடங்கப் போகிறேன். எப்படிப் பதிவு செய்வது? நல்ல பெயர் ஒன்றும் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

பெயர் எதுவானாலும் சரி. பதிவுக்கு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வந்ததே பெரிய சந்தோஷம். ஆனால் ‘ரத்தத்திலேயே’ என்று எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது.

1821இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற, அயர்லாந்தின் கால்வே தொகுதி எம்.பி. குதிரைகளை வதைப்பதைத் தடுக்க மசோதா கொண்டுவந்தார். கழுதைக்கும் பாதுகாப்பு கொடுக்கலாமே என்று ஒருவர் சொன்னதும் லண்டன் நாடாளுமன்றமே விழுந்து விழுந்து சிரித்தது. காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவி வேடிக்கை பார்ப்பது அந்த நாட்டில் 1835 வரை சட்டப்படி நடந்தது. இதுதான் நீங்கள் சொல்லும் ரத்தம்.

மறு ஆண்டே மார்ட்டின் சட்டத்தை நிறைவேற்றிவிட்டார். ஆனால் அதை அமல்படுத்த ஆள் இல்லை. லண்டனுக்கு முறையான போலீஸே 1829இல்தான் வந்தது. அந்த இடைவெளிக்காகத்தான் 1824 ஜூன் 16 அன்று ஒரு காபிக் கடையில் சங்கம் தொடங்கினார்கள். ஆர்தர் புரூம் என்ற பாதிரியார் தேவாலய வேலையை விட்டுவிட்டு, ஸ்மித்ஃபீல்ட் மாட்டுச் சந்தையைக் கண்காணிக்கக் கூலிக்கு ஆள் வைத்தார். முதல் ஆண்டில் 63 பேரை நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். 1826இல் சங்கத்தின் கடனுக்காகப் புரூம் சிறைக்குப் போனார். மார்ட்டின் பதவி இழந்து, கடன்காரர்களுக்குப் பயந்து பிரான்சுக்குப் போய் அங்கேயே இறந்தார். குதிரை வண்டியில்கூட ஏறாத லூயிஸ் கோம்பெர்ட்ஸ் சங்கத்தைத் தூக்கி நிறுத்தினார். சங்கம் கிறிஸ்தவ நெறிப்படி நடக்கும் என்று தீர்மானம் போட்டார்கள். அவர் யூதர், வெளியேற வேண்டியதாயிற்று. விக்டோரியா ராணி ‘ராயல்’ பட்டம் கொடுத்தது இதற்கெல்லாம் பிறகு, 1840இல். உங்கள் கண்ணில் பட்டது அந்தப் பட்டம் மட்டும்தான்.

இங்கேயும் ஒருவர் போராடினார். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு வாக்களித்ததால் அதைத் திரும்பப் பெற்றார். அப்படி வந்ததுதான் 1960இன் மிருகவதைத் தடுப்புச் சட்டம்.

அதன் 11ஆம் பிரிவைப் படித்தீர்களா? முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. இன்றைக்கும் அதேதான். மார்ட்டினின் 1822 சட்டத்தில் குறைந்தபட்ச அபராதமே 10 ஷில்லிங். அன்றைய பண்ணையாள் ஒருவரின் ஒரு வாரக் கூலி ஏறத்தாழ அவ்வளவுதான். நம் 50 ரூபாய்க்கு இரண்டு டீயும் இரண்டு வடையும் வரும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 முதல் இந்தக் குற்றத்துக்கு ஐந்தாண்டு வரை சிறை.

எங்கள் தெருவில் ஒருவர் நாய் மேல் கொதிக்கிற தண்ணீரை ஊற்றினார். தோல் உரிந்து அது ஓடியதைத் தெருவே பார்த்து அழுதது. பிரியத்துக்கு ஒரு குறைவும் இல்லை தம்பி. காவல் நிலையத்துக்குப் போனேன். “ஐம்பது ரூபா ஃபைனுக்கு கேஸ் எழுதச் சொல்றீங்களா சார்?” என்றார் ஏட்டு. கூட வர ஒருவரும் இல்லை. நாய் பிழைக்கவில்லை. அதனால்தான், நம் மக்களுக்கு இரக்கமில்லை என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை. அபராதத்தை உயர்த்தச் சொல்லி உங்கள் எம்.பி.க்கு ஒரு வரி எழுதினீர்களா?

பெயர்ப்பலகை அப்புறம் செய்யலாம். அடுத்த சந்தை நாளில் மேலப்பாளையம் மாட்டுச் சந்தைக்குப் போங்கள். 1978இன் விலங்குப் போக்குவரத்து விதிகளின்படி ஒரு லாரியில் ஆறு மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. எண்ணுங்கள். வண்டி எண், நேரம், தண்ணீர் இருந்ததா என்று குறித்துக்கொள்ளுங்கள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். நகல் ஒன்று எனக்கும் அனுப்புங்கள். வக்கீல் தேவைப்பட்டால் நான் பேசுகிறேன்.