போனவர் திரும்பி வந்தால் பழைய கணக்கா, புதுக் கணக்கா?

கேள்வி: எட்டு மாதம் முன்பு வேலையை விட்டவர் அதே பொறுப்புக்குத் திரும்பியிருக்கிறார். அலுவலக மென்பொருளில் அவருக்குப் பயனர் கணக்கு தொடங்கப் போனால், 'இந்த ஈமெயில் ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்கிறது மென்பொருள். பெயருக்குப் பின்னால் ஒரு '2' சேர்த்துத் திறந்துவிடலாமா?

பதில்: வேண்டாம். நமக்கு ஆளின் அடையாளம் பெயரும் ஈமெயிலும்; மென்பொருளுக்கோ உள்ளே மறைந்திருக்கும் ஓர் எண். மைக்ரோசாஃப்டின் பயனர் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் அது எஸ்.ஐ.டி. (பாதுகாப்பு அடையாள எண்). பழைய கணக்கை நீக்கிவிட்டு, எழுத்துப் பிசகாமல் அதே பெயரில் திறந்தாலும் எஸ்.ஐ.டி. புதிதாகத்தான் வரும். ஃபோல்டர்களின் அனுமதிப் பட்டியலில் பழைய எண்ணே நிற்பதால் 'அனுமதி இல்லை' என்றுதான் பதில் கிடைக்கும். அவர் கையாண்ட டிக்கெட்டுகளும் கொடுத்த ஒப்புதல்களும் பழைய கணக்கோடு தங்கிவிடும். ரிப்போர்ட் எடுத்தால் ஒரே ஆள் இரண்டு பேராக வருவார். எனவே அவர் போனபோது முடக்கிய பழைய கணக்கையே திரும்பத் திறந்துவிடுங்கள்.

ஆனால் எடுத்த எடுப்பில் 'ஆக்டிவேட்' பொத்தானை அழுத்திவிடாதீர்கள். முடக்குவது வாசலைப் பூட்டுவது மட்டுமே. உள்ளே எதையும் காலி செய்வதில்லை. ஆக்டிவ் டைரக்டரியில் சாதாரணக் கணக்கின் கட்டுப்பாட்டு மதிப்பு 512. முடக்கினால் அதோடு 2 கூடி 514 ஆகிறது, அவ்வளவுதான். அவர் சேர்ந்திருந்த, அனுமதிகளைத் தரும் குரூப்கள் அப்படியே இருக்கும். ஏதோ ஒரு வேலைக்காக 'இரண்டு நாளுக்கு மட்டும்' என்று கொடுத்த அட்மின் உரிமையும் அதில் இருந்தால், பூட்டைத் திறந்த நொடியே அதுவும் கைக்கு வந்துவிடும்.

ஆகவே முடங்கிய நிலையிலேயே துப்புரவை முடியுங்கள். குரூப், ரோல் பட்டியலைப் படமெடுத்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் நீக்குங்கள். குரூப் வழியாக இல்லாமல் நேரடியாக அவர் பெயருக்கே பகிர்ந்த ஃபைல்களையும் தேடிப் பாருங்கள். அவை குரூப் பட்டியலில் தெரியாது. பிறகு ஏ.பி.ஐ. சாவிகள் (நிரல்கள் அவர் பெயரில் உள்ளே வர உதவுபவை), வெளிச் செயலிகளுக்குக் கொடுத்த இணைப்புகள், எஸ்.எஸ்.ஹெச். சாவிகள் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவுபவை). பாஸ்வேர்டை மாற்றினாலும் இவை செத்துப்போகும் என்று நம்ப முடியாது, தனியாக ரத்து செய்ய வேண்டும். இரண்டாம் கட்டச் சரிபார்ப்புக்குப் பதிந்த பழைய ஃபோனையும் நீக்குங்கள். அந்த ஃபோன் இன்று யார் கையிலோ!

மெயிலில் இரண்டு விஷயம் மறந்துபோகும். அவர் போனபோது மேலாளருக்குத் திருப்பிவிட்ட ஃபார்வேர்டு. 'இப்போது இங்கே பணியில் இல்லை' என்ற தானியங்கிப் பதில். இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தால், வேலைக்கு வந்து ஒரு வாரமானவரைப் பற்றி வெளியே 'அவர் போய்விட்டார்' என்று பதில் போகும்.

இவ்வளவும் முடிந்தபின் துறை, மேலாளர் விவரங்களைத் திருத்தி, இன்றைய பொறுப்புக்கு வேண்டிய குரூப்களை மட்டும் சேர்த்து, புதுப் பாஸ்வேர்டோடு திறந்துவிடுங்கள். அதே பொறுப்புதானே என்று பழைய பட்டியலை அப்படியே ஒட்டிவிட்டால் துப்புரவு செய்ததற்கே அர்த்தமில்லை.

கேள்வி: முடக்காமல் நீக்கியே விட்டோம். மீட்க முடியுமா?

பதில்: நாள் கணக்குதான் முடிவு செய்யும். கூகுள் வொர்க்ஸ்பேஸில் 20 நாள், மைக்ரோசாஃப்ட் 365-இல் 30 நாள். அதற்குள் என்றால் அட்மின் பக்கத்திலிருந்தே மீட்கலாம். தாண்டினால் புதுக் கணக்குதான். வாடிக்கையாளர் மேலாண்மை மென்பொருளான சேல்ஸ்ஃபோர்ஸில் இந்தக் கவலையே கிடையாது. அங்கே பயனரை நீக்கவே முடியாது, முடக்கத்தான் முடியும். முடக்கியதும் லைசென்ஸ் விடுபட்டு வேறொருவருக்குப் போயிருக்கும் என்பதால், திரும்பத் திறக்கும் முன் ஒன்று கையிருப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கூகுளில் நேர்மாறு: இடைநிறுத்திய கணக்குக்கும் கட்டணம் ஓடும். அந்தச் செலவுக்குப் பயந்து அவசரமாக நீக்குபவர்களே பின்னால் இந்தக் கேள்வியோடு வருகிறார்கள்.

கேள்வி: எங்களிடம் ஹெச்.ஆர். மென்பொருளிலிருந்து ஸ்கிம் (SCIM, செயலிகளுக்கிடையே பயனர் விவரங்களை அனுப்பும் பொது நெறிமுறை) வழியாகக் கணக்குகள் தானாகவே உருவாகும். திரும்பி வந்தவருக்கு மட்டும் 409 பிழை வருகிறது.

பதில்: 409 என்றால் மோதல், அதே பயனர்பெயர் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பெரும்பாலும் ஹெச்.ஆர். அவருக்குப் புதுப் பணியாளர் எண் கொடுத்திருப்பார்கள். அந்த எண்ணை வைத்துத் தேடும்போது யாரும் சிக்காததால், 'புது ஆள்' என்று நினைத்து ஒத்திசைவு புதுக் கணக்கை உருவாக்கப் பார்க்கிறது. பழைய எண்ணையே திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவே சுத்தமான வழி. எண் சரியாக இருந்தும் பிழை தொடர்ந்தால், பிழை காட்டும் செயலி முடங்கிய பயனர்களைத் தேடல் முடிவில் காட்டுகிறதா என்று சோதியுங்கள். சில செயலிகள் தேடும்போது மறைத்துவிட்டு, உருவாக்கும்போது மட்டும் 'இருக்கிறார்' என்று தடுக்கும். அப்படியானால் அந்த ஒருவரைக் கையால் திறந்துவிட்டு, ஒத்திசைவை மறுபடி ஓட்டுவதே வழி.

கேள்வி: போனவரின் ஈமெயிலை அதே பெயருள்ள புதியவருக்குக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. ஈமெயிலை வைத்தே ஆளை அடையாளம் காணும் செயலிகள் முன்னவரின் கோப்புகளைப் புதியவருக்குத் திறந்துவிடும். பெயரோடு ஓர் எண்ணைச் சேர்க்க வேண்டிய இடம் இதுதான்.