நெகட்டிவ் யார் கையில்?

கேள்வி: என் மகன் விஸ்காம் மூன்றாம் வருடம் படிக்கிறான். கல்லூரி நூலகத்திலிருந்து ஒரு புகைப்படப் புத்தகம் கொண்டுவந்தான். பாதிக்கு மேல் ஆடையில்லாத பெண்கள். கேட்டால், “இது ஆர்ட், உனக்குப் புரியாதும்மா” என்கிறான். எனக்கு அது பெண்ணை வைத்துப் பிழைக்கிற பிழைப்பாகத்தான் படுகிறது. நீங்கள் ஸ்டுடியோ நடத்தியவர். கலையா, சுரண்டலா? சொல்லுங்கள் அக்கா.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: “உனக்குப் புரியாது” என்றதற்காக முதலில் அவனை ஒரு வாரம் பாத்திரம் தேய்க்க விடுங்கள்.

கும்பகோணத்தில் நானும் என் வீட்டுக்காரரும் 31 வருடம் ஸ்டுடியோ நடத்தினோம். ஆடையில்லாத படம் ஒன்றுகூட எடுத்ததில்லை. ஆனாலும் உங்கள் கேள்வி என்னைச் சுடுகிறது. 1983-ல் ஒரு பெண்ணுக்குக் கல்யாணத் தரகரிடம் கொடுக்கப் படம் எடுத்தேன். பட்டுப்புடவை, லேசாகத் திரும்பிய முகம். வெளிச்சம் அன்றைக்கு அப்படி வாய்த்தது. பென்சிலால் நெகட்டிவில் டச்சிங் பார்த்தது நான்தான். அந்தப் பெருமையில் பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஷோகேஸில் மாட்டிவிட்டேன். எல்லா ஸ்டுடியோவிலும் அதுதான் பழக்கம், யாரும் யாரையும் கேட்டதில்லை. மூன்று வாரம் கழித்து, கடையில் ஆளில்லாத மத்தியான நேரமாகப் பார்த்து அந்தப் பெண் தனியாக வந்தாள். சண்டை போடவில்லை. “தினமும் நாலு பேர் நின்னு பாக்கறாங்க. அந்தப் பக்கம் நடக்கவே முடியலைக்கா. எடுத்துடுங்க” என்றாள். கழற்றிக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, “நெகட்டிவ்?” என்று கேட்டாள்.

கழுத்துவரை போர்த்தியிருந்த படம் அது. அதிலேயே இவ்வளவு இருக்கிறது. அதனால்தான் துணி இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதை நான் விட்டுவிட்டேன்.

உங்கள் மகனின் புத்தகத்தில் எட்வர்ட் வெஸ்டன் எடுத்த படங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அமெரிக்கர். 1936-ல் கலிபோர்னியாவின் ஓஷியானோ மணல்மேடுகளில் காரிஸ் வில்சனை எடுத்தார். அவரைவிட 28 வயது சின்னவர் காரிஸ். பிறகு கல்யாணமும் செய்துகொண்டார்கள், பிரிந்தும் போனார்கள். அதே வருடம் எடுத்த இன்னொரு படத்தில் காரிஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், முகமே தெரியாது. வலது கையில் விழுந்த நிழல் வெஸ்டனுக்குக் கடைசிவரை உறுத்திக்கொண்டே இருந்ததாம். காரிஸுக்கு உறுத்தியதோ தன் கோணல் வகிடும் தலையில் தெரிகிற ஹேர்பின்னும்! படித்துவிட்டுச் சிரித்தேன். என்னிடம் படம் எடுத்துக்கொண்ட கல்யாணப் பெண்கள் எல்லாரும் சொன்னது அதுதான். புகைப்படக்காரர்களில், கலைஞர்களுக்கு அமெரிக்காவில் கொடுக்கிற குகன்ஹைம் உதவித்தொகை முதலில் கிடைத்தது வெஸ்டனுக்கு, 1937-ல். அதற்கான விண்ணப்பத்தில் காரிஸின் எழுத்து இருக்கிறது. படமெடுக்க ஊர் ஊராகக் கார் ஓட்டிப் போனவரும் அவர். 1998-ல் தன் கதையைத் தானே புத்தகமாக எழுதினார். அந்தப் படங்களில் இரண்டு பேர் வேலை செய்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரிகிறது. அவற்றைக் கலை என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

அப்புறம் ஜப்பானின் நொபுயோஷி அராகி. உலகப் பெயர். காவோரி என்ற நடனக் கலைஞர் 2001 முதல் 2016 வரை அவருக்கு மாடலாக இருந்தார். 2018 ஏப்ரலில் அவரே வாய்திறந்தார்: எழுத்தில் ஒப்பந்தம் கிடையாது, எந்தப் படம் எந்தப் புத்தகத்தில் வரப்போகிறது என்று சொல்வது கிடையாது, பல நேரம் சம்பளமும் கிடையாது. அதைப் படித்துவிட்டு அந்தப் படங்களை மறுபடி பார்த்தேன். வெளிச்சம் கெட்டுப்போய்விடவில்லை, படம் நல்ல படம்தான். என்னால்தான் முன்போல் பார்க்க முடியவில்லை. ஆக, ஒரே படம் இரண்டுமாக இருக்கலாம், தங்கச்சி. உங்கள் மகன் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. அவன் இதைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சம்மதித்து, கையெழுத்துப் போட்டு, காசு வாங்கிக்கொண்டுதானே நிற்கிறார்கள்? அப்புறம் எங்கிருந்து வந்தது சுரண்டல்?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: கையெழுத்தைப் பற்றிச் சொல்கிறேன். 1949 மே மாதம் ஹாலிவுட்டில் டாம் கெல்லி என்பவரின் ஸ்டுடியோவில், சிவப்பு வெல்வெட் விரிப்பில் ஒரு பெண் படுத்திருந்தார். கூலி 50 டாலர். கையில் காசில்லாத நேரம். சொந்தப் பெயரைப் போடக்கூடத் துணிவில்லை, ‘மோனா மன்றோ’ என்று கையெழுத்திட்டார். பிற்பாடு பெரிய நடிகையான மர்லின் மன்றோதான். படம் காலண்டராக வந்தது. 1953 டிசம்பரில் ஹியூ ஹெஃப்னர் காலண்டர் கம்பெனியிடம் 500 டாலருக்கு உரிமை வாங்கித் தன் பிளேபாய் பத்திரிகையின் முதல் இதழில் போட்டார். ஐம்பதாயிரத்துக்கு மேல் விற்றது. மர்லினுக்கு ஒரு காசு வரவில்லை. அவரை யாரும் கேட்கவும் இல்லை. இதோடு விட்டாரா? 1992-ல் மர்லினின் கல்லறைக்குப் பக்கத்து இடத்தை 75,000 டாலருக்கு வாங்கிப்போட்டு, 2017-ல் அங்கேயே அடக்கமானார் ஹெஃப்னர். அதற்கும் மர்லினைக் கேட்டிருக்க முடியாது.

சட்டத்தைக் கேட்காதீர்கள், அதன் கவலை வேறு. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கரும் அவர் மணக்கவிருந்த பெண்ணும் ஆடையின்றி நின்ற படத்தை இந்தியப் பத்திரிகைகள் மறுபிரசுரம் செய்த வழக்கில், நிர்வாணம் மட்டுமே ஆபாசமாகிவிடாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் பார்க்கிறவன் கெட்டுப்போவானா என்பதுதான் அங்கே பிரச்சினை. படத்தில் நிற்கிறவளுக்கு என்ன ஆனது என்பதற்கு அதில் இடமில்லை.

50 டாலருக்கு மர்லின் எதற்குச் சம்மதித்தார்? ஒரு காலண்டருக்கு. நான்கு வருடம் கழித்து வரப்போகும் பத்திரிகைக்கு அல்ல. என் ஷோகேஸ் பெண்ணும் தரகருக்குத்தான் சம்மதித்தாள், தெருவுக்கு அல்ல.

அவள் கேட்ட நெகட்டிவை நான் அன்று கொடுக்கவில்லை. ஸ்டுடியோவுக்குச் சொந்தம், அதுதான் தொழில் வழக்கம் என்றேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். 2009-ல் கடையை மூடியபோது அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒவ்வொரு கவராகத் தேடினேன். இரண்டாம் நாள் கிடைத்தது. கவர்மேல் பில் நம்பர் இருந்தது. விலாசம் எழுதி வைத்திருக்கவில்லை.